தடித்த தகட்டில் ஆம்ப் சேஸி: நாமே வளைப்பதா, பட்டறைக்குக் கொடுப்பதா?

வால்வ் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களுக்குச் சர்க்யூட்டைவிட, அதைத் தாங்கும் உலோகப் பெட்டியான சேஸிக்குரிய தகடுதான் பெரிய தலைவலி. நான்கு இஎல்34 பவர் வால்வ், அவற்றுக்கு இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு சோக் (பவர் சப்ளைக்கான இரும்புக் கருச் சுருள்) என்று அடுக்கினால் அந்த இரும்பு மட்டுமே பத்து கிலோவைத் தொட்டுவிடும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ரெடிமேட் கேபினட்டுகள் பெரும்பாலும் மெல்லிய தகடு. பாரத்தை ஏற்றியதும் நடுவில் தொய்யும், தூக்கும்போது முறுக்கிக்கொள்ளும். அதனால் 2 மி.மீ., 3 மி.மீ. தகடு வாங்கலாம் என்று முடிவு செய்கிறோம். வாங்கி வந்த பிறகுதான் அதை எப்படி மடக்குவது என்ற கேள்வி எழுகிறது.

வழிகள் பல இருக்கின்றன. ஒப்பிட ஓர் அளவு வேண்டும் என்பதால் 400 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரமுள்ள சேஸி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரியோ வால்வ் ஆம்புக்கு இது சாதாரண அளவு.

முதலில் கொஞ்சம் கணக்கு. தகட்டை மடக்கத் தேவையான விசை தடிமனின் வர்க்கமாக ஏறும். 400 மி.மீ. நீளத்துக்குச் சாதாரண இரும்புத் தகட்டை அரை மீட்டர் கைப்பிடி போட்டு மடக்குகிறோம் என்றால், 1 மி.மீ. தகட்டுக்குக் கைப்பிடி நுனியில் சுமார் 5 கிலோ அழுத்தம் போதும். 2 மி.மீ. என்றால் 20 கிலோ. 3 மி.மீ. என்றால் 45 கிலோ. இவை குறைந்தபட்சக் கணக்கு. மடங்க மடங்க இரும்பு இறுகும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆனாலும் 20 கிலோ என்பது ஒரு ஆளால் முடிகிற காரியம்தான். அப்படியானால் வீட்டில் 2 மி.மீ. இரும்பை மடக்குபவர்கள் ஏன் திணறுகிறார்கள்? தகட்டைப் பிடித்திருக்கும் ஆங்கிளும் சேர்ந்து வளைந்துகொடுக்கிறது என்பதுதான் காரணம். வீட்டு முறைகள் எல்லாம் தடுமாறுவது இந்த ஒரே இடத்தில்தான்.

சரி, வைஸும் சுத்தியலும் பார்ப்போம். எல்லாரும் தொடங்கும் இடம் இதுதான். இரண்டு துண்டு இரும்பு ஆங்கிள், நடுவில் தகடு, பெஞ்ச் வைஸில் இறுக்கம், அப்புறம் மரக்கட்டையை வைத்து அடி. 150, 200 மி.மீ. நீளம் வரை இது நன்றாகவே வரும். ப்ரீஆம்ப் பெட்டி, பவர் சப்ளைக்கு ஒரு சின்ன மூடி போன்ற வேலைக்கு வேறு எதுவும் தேடவே வேண்டாம். நம் 400 மி.மீ. தகட்டுக்கு வந்தால் கதை மாறும். வைஸின் வாய் 100 முதல் 150 மி.மீ. அகலம்தான் இருக்கும். ஆங்கிளின் இரு முனைகளும் வைஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிடிமானம் நடுவில் மட்டும் இருக்கும். அடிக்கத் தொடங்கியதும் முனைகளில் ஆங்கிள்கள் மெல்ல விரியும், அங்கே தகடு கோட்டைவிட்டு நகரும். முடிவில் நடுவில் கூரான மூலையும் இரண்டு ஓரங்களிலும் உருண்டையான மூலையும் கிடைக்கும். மட்டத்தை வைத்துப் பார்த்தால் மடிப்பு காற்றாடி இறக்கைபோல் திருகியிருக்கும்.

இதைக் குறைக்க வழி உண்டு. முனைக்கு ஒரு சி-கிளாம்ப் போட வேண்டும். ஒரே இடத்தில் 90 டிகிரிக்கு அடிக்காமல், நீளம் முழுக்க 15, 20 டிகிரியாகச் சமமாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். சுத்தியல் நேராகத் தகட்டில் படவே கூடாது. நேரடி அடி பட்ட இடத்தில் உலோகம் நசுங்கி விரியும், விரிந்த உலோகத்துக்குப் போக இடமில்லாமல் மடிப்பின் ஓரம் அலை அலையாக நெளியும். அந்த நெளிவை எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆங்கிளின் மூலையை அரத்தால் தேய்த்துத் தகட்டின் தடிமன் அளவுக்காவது உருட்டிக்கொள்ளுங்கள். அலுமினியத்துக்கு இது கட்டாயம்.

அடுத்தது கீல் வைத்த ஃபோல்டர். இரண்டு ஆங்கிள்களைக் கீலால் இணைத்து, மேலே ஒரு அழுத்துப் பட்டை வைத்துத் தகட்டைப் பிடித்து, கைப்பிடியால் மடக்கும் கருவி. வெல்டிங் தெரிந்தவர் ஒரு நாளில் செய்துவிடலாம். அடி இல்லாததால் தகட்டில் தழும்பு இருக்காது, மடிப்பும் சுத்தமாக வரும். இதன் குறை வைஸின் குறைக்கு நேர் எதிர். பட்டையை இறுக்கும் போல்ட்டுகள் இரண்டு முனைகளிலும் இருப்பதால் முனைகள் இறுக்கமாகவும் நடு தளர்வாகவும் இருக்கும். முனையில் 90 டிகிரி வந்திருக்கும்போது நடுவில் 85 டிகிரிகூட வந்திருக்காது. 50×50×6 ஆங்கிளில் செய்த ஃபோல்டர் 400 மி.மீ. அகலத்துக்கு 1.2 மி.மீ. இரும்பையும் 2 மி.மீ. மெது அலுமினியத்தையும் தாராளமாக மடக்கும். 2 மி.மீ. இரும்பு வேண்டுமென்றால் அழுத்துப் பட்டையின் முதுகில் ஒரு சதுரக் குழாயை நிறுத்தி வெல்ட் செய்து அதை விறைக்க வேண்டும். கீலின் அச்சு வளைவுக் கோட்டுக்கு நேராக வர வேண்டும் என்பதையும் கவனியுங்கள். கடையில் வாங்கிய கதவுக் கீலை அப்படியே பக்கவாட்டில் ஒட்டினால் அச்சு தள்ளிப்போய், மடக்கும்போது தகட்டை இழுத்துச் சிராய்க்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பக்கமும் மடிந்த தட்டு வேண்டுமானால், முதல் இரண்டு பக்கம் மடக்கிய பிறகு அடுத்த இரண்டுக்கு அழுத்துப் பட்டை இடம் கொடுக்காது, ஏற்கெனவே நிமிர்ந்த மடிப்புகளில் இடிக்கும். துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய பட்டை இருந்தால்தான் முடியும். அதனால் வீட்டில் செய்பவர்கள் ‘ப’ வடிவத் துண்டுகளாகத் திட்டமிடுவதே நல்லது: ஒரு ‘ப’ மேலே, இன்னொரு ‘ப’ குறுக்காகக் கீழே.

கார் ஜாக்கியை வைத்து பிரஸ் செய்து மடக்குவது பற்றி நிறையப் பேர் ஆர்வமாகக் கேட்பார்கள். 20 டன் பாட்டில் ஜாக், ‘எச்’ சட்டம், கீழே வி-டை (‘வி’ வடிவ வாயுள்ள அச்சு), மேலே தகட்டை அதற்குள் அழுத்தும் கத்தி. 2 மி.மீ. இரும்பை 16 மி.மீ. வாயுள்ள வி-டையில் 400 மி.மீ. நீளத்துக்கு மடக்கச் சுமார் 6.5 டன் தேவை. 3 மி.மீ. தடிமனுள்ள 5052 அலுமினியத்துக்கு 24 மி.மீ. வாயில் 5 டன் போதும். ஆக, ஜாக் பத்தாது என்ற பேச்சே இல்லை. பிரச்சினை டையில் இருக்கிறது. பலரும் ஒரு 50 மி.மீ. ஆங்கிளை மல்லாத்திப் போட்டு அதையே ‘வி’யாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் வாய் 70 மி.மீ. வரும். மடிப்பின் உள் ஆரம் டையின் வாயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்பது பட்டறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 70-க்கு ஏறக்குறைய 12 மி.மீ. ஆரம் வரும், மூலை என்று சொல்ல முடியாத அளவுக்கு உருண்டை. டையின் வாய் தகட்டுத் தடிமனைப்போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். 2 மி.மீ.-க்கு 16. இரண்டு கனமான சதுரக் கம்பிகளை 16 மி.மீ. இடைவெளி விட்டு, உள் ஓரங்களை உருட்டி, ஒரு தடித்த பட்டையில் வெல்ட் செய்தால் நல்ல டை கிடைத்துவிடும்.

ஜாக் நடுவில் மட்டும் தள்ளுவதால் கத்தியின் முனைகள் பின்தங்கும். அதற்கு மேல் உத்தரம் கனமாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் கருவியின் எடையே ஒரு ஆள் எடைக்கு வரும். ஒரே ஒரு ஆம்புக்காக இதைச் செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வருடத்துக்கு நாலைந்து பெட்டி செய்து விற்பவர் என்றால் செய்யட்டும். அழுத்தம் ஏறும்போது டைக்கு நேரெதிரே நிற்காதீர்கள். சரியாக உட்காராத கத்தி பக்கவாட்டில் தெறித்து வரும்.

கோடு நெடுக ஒரு பள்ளம் வெட்டிவிட்டுக் கையால் மடக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. கடை முகப்புக்கு ஏ.சி.பி. ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) அடிப்பவர்கள் ரூட்டரால் இப்படித்தான் செய்கிறார்கள். மூலை கத்தி மாதிரி கூராக வரும், பார்க்க அழகு. ஆனால் ஏ.சி.பி. பாரம் தாங்குவதில்லை. 3 மி.மீ. தகட்டில் 2 மி.மீ.-க்கும் மேல் பள்ளம் போட்டு மடக்கினால் மூலையில் மிஞ்சுவது ஒரு மெல்லிய தோல். உள்ளே ஆங்கிள் வைத்து ரிவெட் அடிக்காமல் அதை நம்பிப் பத்து கிலோ டிரான்ஸ்ஃபார்மரை ஏற்ற முடியாது. ஆங்கிள் வைப்பதாக இருந்தால் எதற்கு மடக்க வேண்டும்? முன்பக்கப் பேனலுக்கு வேண்டுமானால் இதைப் பயன்படுத்தலாம்.

எந்த வழியில் மடக்கினாலும் என்ன தகடு வாங்குகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. இரும்பில் சி.ஆர். ஷீட் (சூடில்லாமல் உருட்டிய தகடு) கேட்டு வாங்கினால் கவலையில்லை, தடிமன் அளவு ஆரத்தில் தாராளமாக மடங்கும். அலுமினியத்தில்தான் ஏமாறுவோம். கடைக்காரரிடம் “நல்ல கெட்டியான தட்டு கொடுங்க” என்று கேட்டால் எச்.இ.30 எடுத்துக் கொடுப்பார். அது 6082 வகை, கடினப்படுத்தியது. லேத்தில் கடையவும் மில்லிங் செய்யவும் அருமையான உலோகம். மடக்கினால் வெளிப்புறம் கோடு கோடாக வெடிக்கும். 6061 டி6-உம் இதே சாதிதான். இவற்றைத் தடிமனைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆரத்தில்தான் மடக்க முடியும். மடக்க வேண்டிய வேலைக்கு 1100, 3003, 5052 மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். மூன்றில் 5052-க்கு வலுவும் உண்டு, மடங்கவும் செய்யும்.

கையில் இருக்கும் தகடு கடினம் என்றால் வளைவுக் கோட்டைச் சூடாக்கி மெதுவாக்கலாம். கோட்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்துவிட்டுப் பின்பக்கமிருந்து டார்ச்சைக் காட்ட வேண்டும். சோப்புக் கோடு அடர்ந்த பழுப்பாகிக் கறுக்கும்போது நிறுத்திவிட வேண்டும். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கலப்பு வகைகள் அதற்கும் முன்பே உருகத் தொடங்கும், ஆனால் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒழுகும். சோப்பின் நிறம்தான் நமக்குத் தெர்மாமீட்டர்.

தகட்டில் உருட்டிய திசையைக் காட்டும் மெல்லிய வரிகள் ஓடும். வளைவுக் கோடு அந்த வரிகளைக் குறுக்கே வெட்டிப் போகும்படி வைத்தால் வெடிப்பு குறையும். மடிப்பின் வெளிப்புறமாக வரும் பக்கத்தில் கூர்முனையால் கீறிக் கோடு போடாதீர்கள், வெடிப்பு அந்தக் கீறலில்தான் தொடங்கும். மார்க்கர் போதும். இரண்டு வளைவுக் கோடுகள் சந்திக்கும் மூலையில் 4 மி.மீ. துளை போட்டுவிட்டு அதற்குமேல் மூலையை வெட்டி எடுங்கள். துளைகளை வளைவிலிருந்து தடிமனைப்போல் மூன்று மடங்காவது தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் வட்டம் முட்டையாகும்.

இப்போது பட்டறை. சென்னையில் அம்பத்தூர், கிண்டி, கோவையில் கணபதி, குறிச்சி என்று போனால் லேசர் கட்டிங்கும் பெண்டிங்கும் செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறைகள் கிடைக்கும். அவர்களுடைய பிரஸ் பிரேக் என்ற மடக்கும் இயந்திரத்துக்கு 3 மி.மீ. தகடு ஒரு பொருட்டே இல்லை. துண்டு துண்டான கத்திகள் இருப்பதால் நான்கு பக்க மடிப்பும் ஆகும். லேசரில் வால்வ் சாக்கெட் ஓட்டைகள், டிரான்ஸ்ஃபார்மருக்கான சதுர வாய் எல்லாம் அரை மி.மீ. பிசகாமல் வந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே பட்டறைக்குப் போகலாம். கையால் ஆக்டல் சாக்கெட்டுக்கு (எட்டு முள் வால்வ் சாக்கெட்) ஹோல்-சாவால் வட்ட ஓட்டை போட்டவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

கஷ்டம் வேறு மாதிரி. ஒற்றை வேலை என்றால் மொத்த ஆர்டர்களுக்கு நடுவில்தான் நம்முடையது ஏறும், காத்திருக்க வேண்டும். இரும்பும் ஸ்டெயின்லெஸும் அவர்களிடமே இருக்கும், அலுமினியம் பெரும்பாலும் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். தனியாக பெண்டிங் மட்டும் கொடுத்தால் மடிப்புக்கு இத்தனை என்று வாங்குவார்கள். ஆகவே மடிப்பின் எண்ணிக்கையைக் குறைப்பது நேரடியாகச் செலவைக் குறைப்பது. இரும்புத் தகடு மடங்கிய டையில் அலுமினியத்தை வைத்தால் இரண்டு கோடுகளாகத் தழும்பு விழும். பாதுகாப்பு ஃபிலிமை உரிக்காமல் மடக்கச் சொல்லுங்கள்.

பெண்டிங் ஆபரேட்டர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இது உள் அளவா, வெளி அளவா அண்ணே?” என்பதாகத்தான் இருக்கும். இதற்குப் பதில் வைத்திருங்கள். மடக்கும்போது தகடு மூலையில் கொஞ்சம் நீளும், அதனால் விரித்த தகட்டின் அளவு வெளி அளவுகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2 மி.மீ. தகடு, 2 மி.மீ. உள் ஆரம் என்றால் ஒரு 90 டிகிரி மடிப்புக்கு ஏறக்குறைய 3.5 மி.மீ. கழிக்க வேண்டும். 300 மி.மீ. மேல்பக்கமும் இருபுறமும் 60 மி.மீ. கால்களும் உள்ள ‘ப’வுக்கு 300+60+60 என்று 420 வெட்டினால் தவறு, இரண்டு மடிப்புக்கு 7 கழித்து 413 வெட்ட வேண்டும். பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கழிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். அவர்களுடைய டைக்கு எவ்வளவு கழியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வெளி அளவை மட்டும் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவும் ஒப்பிட்ட பிறகு என்னுடைய கட்சி இதுதான்: தடித்த தகட்டை மடக்கவே தேவையில்லை. பாரம் உட்காருவது மேல் தகட்டில். அது தட்டையாக இருந்தால் போதும். மடிப்பு வேண்டியது பக்கங்களுக்கு, அவற்றுக்குத் தடிமன் வேண்டாம். இரண்டையும் ஒரே தகட்டில் எடுக்க நினைப்பதால்தான் இத்தனை பாடு. மேலே 3 மி.மீ. அலுமினியத் தட்டு, அதைச் சுற்றி 1.2 மி.மீ. சி.ஆர். ஷீட்டிலோ 1.6 மி.மீ. அலுமினியத்திலோ மடக்கிய பாவாடை, உள்பக்கம் மடிந்த உதட்டில் எம்4 திருகுகள். பாவாடையை இரண்டு ‘ப’வாகப் பிரித்தால் வீட்டு ஃபோல்டரிலேயே முடிந்துவிடும், சுத்தம் வேண்டுமென்றால் பட்டறையில் கொடுக்கலாம்.

விறைப்பில் இதனால் நஷ்டமும் இல்லை. ஒரே தடிமனில் இரும்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு என்பது உண்மைதான். ஆனால் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தக் கணக்கில் 3 மி.மீ. அலுமினியம் 2 மி.மீ. இரும்பைவிடச் சற்று விறைப்பாகவே நிற்கும். எடையில் பாதிதான்: 400×300 தட்டுக்கு இரும்பு 1.9 கிலோ, அலுமினியம் ஒரு கிலோவுக்குள். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை இரும்புத் தட்டு கடத்திக்கொண்டு போய் ஹம் (ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல்) சேர்க்கும் தொல்லையும் மேல் தட்டில் இருக்காது. தட்டையான துண்டு என்பதால் டிரில் மேசையில் படுக்கவைத்து ஓட்டை போடலாம், எச்.இ.30 தட்டைக்கூடப் பயமில்லாமல் வாங்கலாம். ஓட்டை தப்பினால் மேல் தட்டை மட்டும் மாற்றினால் போதும். மடக்கவே பிடிக்காதவர்கள் பாவாடைக்குப் பதில் தேக்குச் சட்டம் போடலாம், அல்லது 25×25×3 அலுமினிய ஆங்கிளைச் சுற்றிவரத் திருகலாம்.

ஒரே தகட்டில் மடக்கிய சேஸிக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதில் ஒரு ஏர்த் போல்ட் போட்டால் மொத்தப் பெட்டியும் ஏர்த் ஆகிவிடும். பல துண்டுகளாகச் செய்தால் அப்படியில்லை. அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேல்தோலும், அடுப்பில் சுட்டு ஏற்றும் பெயிண்டான பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைக் கடத்தாது. திருகு இறுக்கமாக இருந்தாலும் பாவாடை ஏர்த் இல்லாமல் தனியாக மிதக்கலாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும் பெட்டியில் அது விளையாட்டில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் பச்சை-மஞ்சள் ஒயர் தனியாகப் போட வேண்டும், பல் வாஷரோடு.

சின்னப் பெட்டி என்றால் வைஸ், தொடர்ந்து செய்கிற ஆள் என்றால் ஃபோல்டர், ஒரே தகட்டில் நான்கு பக்கமும் மடிந்தது வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் பட்டறை. பட்டறையிலிருந்து எடுத்து வருமுன் சேஸியை அங்கேயே ஒரு சமதளத்தில் கவிழ்த்து வைத்து, எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் திருகல் இருக்கிறது, அவர்களே இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பிசிறும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் அடுப்பில் 180, 200 டிகிரி சூடு இருக்கும், அதனால் ஏர்த் போல்ட் வரும் இடங்களில் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுத்தால் உருகிப் பிசின் பிடித்துவிடும். அவர்களிடமே சூடு தாங்கும் மாஸ்கிங் டேப் இருக்கும். எந்தெந்த ஓட்டை என்று மார்க்கரால் வட்டமிட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.